பிழிந்த முறுக்கும் மாறும்

முறுக்கு பிழிகிற வீட்டில் அச்சுத் தட்டுகள் நாலைந்து கிடக்கும். தேன்குழலுக்கு ஒன்று, முள்ளுமுறுக்குக்கு ஒன்று, ஓமப்பொடிக்கு ஒன்று. மாவில் பாதியைத் தேன்குழலாகப் பிழிந்தபின், "வேண்டாம், முள்ளாகவே இருக்கட்டும்" என்று தட்டை மாற்றினால் இனி விழுவதுதான் முள்ளாக விழும். எண்ணெயில் வேகிறதும், வடித்துத் தாளில் பரப்பியதும் தேன்குழலாகவே இருக்கும். அச்சு என்றாலே அப்படித்தான். செங்கல்லானாலும் காசானாலும், அச்சுக்கும் அதில் வார்த்ததற்கும் உள்ள உறவு வார்த்த நொடியோடு முடிந்துபோகிறது.

முடிந்துபோகாத ஓர் அச்சு இருக்கிறது. தட்டை மாற்றினால், பொரித்து ஆறவைத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய முறுக்குகூட அந்த நொடியே முள்ளாகிவிடும். இணையதளம் கட்டுகிறவர்கள் இதைக் காம்பொனன்ட் என்கிறார்கள். நிரல் எழுதாமல், திரையிலேயே பெட்டிகளை இழுத்து வைத்துத் தளம் அமைக்கிற வெப்ஃப்ளோ போன்ற கருவிகளில் இது அன்றாடப் பண்டம். மெனுவையோ, பக்கத்தின் அடியில் வருகிற ஃபூட்டரையோ ஒரு தடவை செய்து, காம்பொனன்டாக்கி, நூறு பக்கங்களில் வைக்கலாம். மூலத்தில் ஓர் எழுத்தைத் திருத்தினால் நூறிலும் திருந்தும்.

இணையத்தோடு கூடப் பிறந்த வித்தை இது என்று நான் பல காலம் நினைத்திருந்தேன். உண்மையில் இணையத்துக்கு இது கால் நூற்றாண்டுக்கு மேல் மூத்தது.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் லெக்சிங்டனில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே டி.எக்ஸ்-2 என்ற பெயரில் ஒரு கணினி இருந்தது. மற்ற கணினிகளுக்கு ஆட்கள் அட்டைகளைத் துளைபோட்டு ஊட்டிக்கொண்டிருந்த காலத்தில் இதற்கு ஒரு திரை உண்டு, திரையைத் தொட்டுக் காட்ட ஓர் ஒளிப்பேனா உண்டு. ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் அந்தத் திரையில் படம் வரைவதற்கென்று ஒரு நிரலை எழுதினார். பெயர் ஸ்கெட்ச்பேட். 1963 ஜனவரியில் அதை முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தபோது அவருக்கு வயது 24. வழிகாட்டி, தகவல் கோட்பாட்டைத் தந்த கிளாட் ஷானன்.

மின்சுற்று வரைபடத்தில் ஒரே டிரான்சிஸ்டர் குறி எத்தனையோ இடங்களில் வரும். ஒவ்வொரு தடவையும் அதை வரைவது வீண் வேலை. அதைவிட, ஒவ்வொன்றின் கோடுகளையும் தனித்தனியாக நினைவகத்தில் வைத்திருப்பது அந்தக் காலத்து நினைவகத்துக்குக் கட்டுப்படியாகாது. சதர்லேண்ட் குறியை ஒரே ஒரு தடவை வரைந்து அதை மாஸ்டர் என்றார். வேண்டிய இடங்களில் எல்லாம் வைப்பதை இன்ஸ்டன்ஸ் என்றார். இன்ஸ்டன்ஸுக்குள் கோடு எதுவும் கிடையாது. "என் உருவம் வேண்டுமானால் அந்த மாஸ்டரைப் போய்ப் பார்" என்கிற ஒரு சுட்டு மட்டும் இருக்கும்; கூடவே நாலு எண்கள். குறுக்கே எங்கே, நெடுக்கே எங்கே, எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். மாஸ்டரை மாற்றினால் எல்லாம் மாறியதற்குக் காரணமும் இதுதான். உண்மையில் அங்கே மாறுவதற்கு வேறு எதுவும் இல்லை. இருந்தது ஒரே முறுக்கு, மற்றதெல்லாம் அதன் நிழல்.

ஆய்வேட்டின் முதல் எடுத்துக்காட்டே இதுதான். ஓர் அறுகோணத்தை வரைந்து, அதன் நகல்களை மூலைக்கு மூலை ஒட்டி, ஒட்டியதையே மறுபடி நகலெடுத்து ஒட்டித் தேன்கூடு போன்ற பரப்பை உண்டாக்குகிறார். 900 அறுகோணங்களுக்கு அரை மணி நேரம் ஆனது, எப்படிச் செய்வது என்று யோசித்த நேரத்தையும் சேர்த்து என்று எழுதுகிறார். பிறகு மூல வடிவத்தை மாற்றியதும் மொத்தப் பரப்பும் மீன் செதில் போல ஆகிவிடுகிறது.

அந்த நாலு எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நகல் நகரலாம், பெருக்கலாம், சிறுக்கலாம், திரும்பலாம். உள்ளே ஒரு கோடு வேறாக இருக்கலாமா என்றால், கூடாது. இதற்குப் பின் வந்த அறுபது வருடக் கதையும் அந்தக் 'கூடாது'வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திய கதைதான். ஒரே மாதிரி நூறு செய்வதை 1963-லேயே முடித்துவிட்டார்கள். நூற்றில் ஒன்றுக்கு மட்டும் சலுகை கொடுப்பதற்குத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

1966-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஆலன் கேயின் கையில் சேர்ந்தவுடன் திணிக்கப்பட்டது இந்த ஆய்வேடு. மாஸ்டரும் இன்ஸ்டன்ஸும் பின்னாளில் அவர் உருவாக்கிய ஸ்மால்டாக் நிரல்மொழியின் கருத்துகளுக்கு வித்திட்டன. இன்று கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்கிற கிளாஸ், ஆப்ஜெக்ட் சமாசாரங்களின் வேர்களில் ஒன்று படம் வரைகிற நிரலில் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

இவ்வளவு முன்கூட்டியே கிடைத்திருந்தும் இணையம் இதை எடுத்துக்கொள்ளவில்லை. செர்னில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய எச்.டி.எம்.எல். 1991-ல் வெளியுலகுக்கு வந்தது. அது ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றோடொன்று இணைக்கப் பிறந்தது. கட்டுரைக்கு ஏது மெனு, ஏது ஃபூட்டர்? 1993-ல் மார்க் ஆண்ட்ரீசென் படத்தைப் பக்கத்துக்குள் வைக்க ஒரு குறிச்சொல்லை முன்வைத்தார். அதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் தனிக் கோப்பாக ஓரிடத்தில் இருக்கும், ஆயிரம் பக்கங்கள் அதைச் சுட்டலாம், கோப்பை மாற்றினால் ஆயிரத்திலும் படம் மாறும். அப்படியே சதர்லேண்டின் மாஸ்டர்! ஆனால் படத்துக்குக் கிடைத்த இந்த வசதி நாலு வரி எழுத்துக்குக் கிடைக்கவில்லை. ஒரு பக்கத்தின் துண்டை இன்னொரு பக்கத்தில் சுட்டி வைக்க எளிய குறிச்சொல் எச்.டி.எம்.எல்.லில் இன்றுவரை கிடையாது. குரோம் உலாவியில் அதற்கு நெருங்கிய ஒன்றைக் கொண்டுவந்து பார்த்து, 2020-ல் எடுத்தும் விட்டார்கள்.

ஆகவே தொண்ணூறுகளில் தளம் செய்தவர்கள் மெனுவை நகலெடுத்து ஒட்டினார்கள். நாற்பது பக்கம் என்றால் நாற்பது மெனு. சலித்துப்போனவர்கள் குறுக்கு வழி தேடினார்கள். 1996-ல் வந்த நெட்ஸ்கேப் 2 உலாவி ஃப்ரேம் என்ற ஒன்றைத் தந்தது. திரையைத் தடுத்து, இடது ஓரத்தில் மெனுவுக்குத் தனிக் கோப்பு. மெனு பிரச்சினை தீர்ந்தது. ஆனால் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே முகவரி மாறாது. பிடித்த பக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டால் மறுநாள் முகப்பில்தான் கொண்டுபோய் விடும். நிரல் தெரிந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். பக்கத்தைக் கேட்டவருக்கு அனுப்புகிற நொடியில் சர்வரே மெனுவைச் செருகிக் கொடுக்கட்டும் என்றார்கள். 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. இந்த வேலையில்தான் ஊர்ப்பட்ட தளங்களுக்குள் நுழைந்தது.

நிரல் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக வந்தவைதான் கண்ணால் பார்த்துச் செய்கிற கருவிகள். வெர்மீர் என்ற சிறு நிறுவனம் செய்த ஃபிரண்ட்பேஜை 1996 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் சுமார் 13 கோடி டாலருக்கு வாங்கியது. ஒரு பக்கத்துக்குள் இன்னொன்றைச் செருகி வைக்க அதில் ஒரு 'பாட்' இருந்தது. 1997 டிசம்பரில் மேக்ரோமீடியா டிரீம்வீவரைக் கொண்டுவந்தது. அதன் லைப்ரரியை நான் நன்றாக அறிவேன், பல ராத்திரிகளை அது தின்றிருக்கிறது.

ஃபூட்டரை லைப்ரரியில் போட்டால் அது எல்.பி.ஐ. என்ற வால் கொண்ட தனிக் கோப்பாகும். அதைப் பக்கத்தில் இழுத்து வைத்தால் ஃபூட்டரின் நகல் அப்படியே பக்கத்துக்குள் எழுதப்படும். முன்னாலும் பின்னாலும், இது இன்ன லைப்ரரிச் சரக்கு என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு இருக்கும். மூலத்தைத் திருத்திச் சேமித்ததும் ஒரு கேள்வி எழும்: இதைப் பயன்படுத்துகிற கோப்புகளைப் புதுப்பிக்கவா? சரி என்றால், டிரீம்வீவர் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, குறிப்பைத் தேடி, நடுவில் இருப்பதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை நட்டு மூடும். அதாவது தட்டை மாற்றியதும் முறுக்கு தானாக மாறவில்லை. ஒருவர் தெருத் தெருவாகப் போய், பழைய முறுக்கை வாங்கிக்கொண்டு புதிதைக் கொடுத்துவிட்டு வந்தார். அத்தோடு முடிந்ததா? மாறிய நாற்பது கோப்புகளையும் எஃப்.டி.பி. வழியாக சர்வருக்கு ஏற்ற வேண்டும். பாதியில் இணைப்பு அறுந்தால் தளத்தில் இருபது பக்கம் புது ஃபூட்டர், இருபது பக்கம் பழசு. எது எது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதே நிறுவனத்தின், அசைபடம் செய்கிற ஃப்ளாஷில் கதையே வேறு. எஃப்8 விசையைத் தட்டினால் வரைந்தது சிம்பல் ஆகும், லைப்ரரிக்குள் போகும். மேடையில் வைப்பதெல்லாம் இன்ஸ்டன்ஸ். சதர்லேண்டின் சொல்லே மாறாமல் இங்கே வந்துவிட்டது. காரணமும் பழையதுதான். அங்கே நினைவகம் சிறிது, இங்கே டயல்-அப் மோடத்தின் குழாய் சிறிது. ஒரு மேகத்தை ஒரு தடவை அனுப்பி வானம் முழுக்கக் காட்டலாம். ஒரு முன்னேற்றமும் இருந்தது. ஒவ்வொரு மேகத்துக்கும் வேறு சாயம் ஏற்றலாம், ஒன்றை மட்டும் மங்கலாக்கலாம். நாலு சலுகைகளோடு இன்னும் இரண்டு சேர்ந்தன.

இடையில் வந்த சி.எஸ்.எஸ். பற்றி ஒரு வார்த்தை. 1996 டிசம்பரில் தரமாக அறிவிக்கப்பட்ட இது நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை ஓரிடத்தில் எழுதிவைத்து எல்லாப் பக்கங்களுக்கும் பொருத்தியது. தோற்றத்துக்கு அச்சு கிடைத்தது, ஆனால் பொருளுக்கு இல்லை. பட்டன்கள் எல்லாம் ஒரே நாளில் பச்சையாகும். பட்டனுக்குள் இருக்கிற சொல்லை மாற்ற மறுபடி நாற்பது பக்கம் நடக்க வேண்டும்.

2012-ல் மாண்ட்ரியால் நகரில் மாணவர் மாநாடு ஒன்றில் பிரெட் விக்டர் ஓர் உரை நிகழ்த்தினார். செய்கிறவனின் கைக்கும் செய்யப்படுகிற பொருளுக்கும் நடுவே தாமதம் இருக்கக் கூடாது என்பது அதன் சாரம். நிரலில் ஓர் எண்ணைத் திருகினால் பக்கத்துப் படத்தில் மரத்தின் கிளை அந்தக் கணமே அசைந்தது. அதைப் பார்த்து உந்தப்பட்டவர்களில் ஒருவர் விளாட் மக்டாலின். கண்ணால் பார்த்துத் தளம் கட்டுகிற கருவி ஒன்றைச் செய்ய முன்பே முயன்று கைவிட்டிருந்தவர். இந்தத் தடவை சகோதரர் செர்கியும் பிரையன்ட் சௌவும் சேர்ந்துகொள்ள, 2013-ல் வெப்ஃப்ளோ வெளிவந்தது. பிறகு அதில் சிம்பல் வந்தது. மெனுவைத் தேர்ந்தெடுத்து சிம்பல் ஆக்கினால் அதைச் சுற்றிப் பச்சைக் கோடு விழும். பச்சை என்றால் ஜாக்கிரதை, இங்கே தொட்டால் எங்கும் மாறும் என்று அர்த்தம். தெருத் தெருவாக நடக்கிற ஆளும் கிடையாது, எஃப்.டி.பி.யும் கிடையாது. வெளியிடு என்று ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்தது.

சிம்பல் தொடக்கத்தில் முரட்டுப் பொருளாக இருந்தது. எல்லாம் ஒன்றுபோல இருந்தே ஆக வேண்டும். ஃபூட்டருக்கு அது சரி. பட்டனுக்கு? வடிவம் ஒன்றாக இருக்க வேண்டும், ஆனால் ஒன்றில் 'வாங்க' என்றும் இன்னொன்றில் 'தொடர்பு கொள்ள' என்றும் இருக்க வேண்டுமே. அப்போது ஒருவர் செய்த தளத்தை இன்னொருவர் திறந்தால் உள்ளே 'கார்டு 2', 'கார்டு புதுசு', 'கார்டு கடைசி' என்று ஒரு குடும்பமே குடியிருக்கும். ஒரு வார்த்தை மாற வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு தடவையும் புது அச்சு வெட்டியிருப்பார்கள்.

நானும் மாட்டிக்கொண்டேன். அது வேறொரு கருவி. திருநெல்வேலியில் ஒரு பயிற்சி நிலையத்துக்குத் தளம் செய்து கொடுத்திருந்தேன். 14 வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை, கீழே 'சேர' என்று பட்டன். நடத்துகிறவர் கூப்பிட்டு, "குரூப் 4 நிரம்பிருச்சு தம்பி, சேர்க்கை முடிஞ்சதுன்னு போட்டுருங்க" என்றார். பேருந்தில் போய்க்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, பட்டனில் இருந்த சொல்லை மாற்றி, வெளியிட்டு, மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் போன்.

"என்ன தம்பி, நம்ம கடையப் பூட்டிட்டியளா? ரெண்டு நாளா ஒரு ஆளும் கூப்பிடலையே!"

14 அட்டைகளிலும் சேர்க்கை முடிந்திருந்தது. "அண்ணாச்சி, ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு நான் திருத்த எடுத்துக்கொண்டது அரை மணி நேரம். சதர்லேண்ட் அந்த அவகாசத்தில் 900 அறுகோணம் போட்டிருப்பார்.

இது என் ஒருவனுடைய மறதி மட்டும் இல்லை என்பதற்கு, தளம் கட்டுகிற இன்னொரு கருவியான வேர்ட்பிரஸ் சாட்சி. 2018 டிசம்பரில் வந்த அதன் 5.0 பதிப்பில் 'ரீயூசபிள் பிளாக்' என்று ஒன்று இருந்தது. திரும்பப் பயன்படுத்தலாம் என்று பெயர் சொன்னது. ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும் என்பதைச் சொல்லவில்லை. 2023-ல் 6.3 பதிப்பில் பெயரையே மாற்றி, சேர்ந்து மாறுகிற பேட்டர்ன், சேராத பேட்டர்ன் என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாவது வகை வேறொன்றும் இல்லை, நம் பழைய முறுக்கு அச்சு. பெயர் வைப்பதில் இவ்வளவு இருக்கிறது.

சலுகைக்கு வழி சொல்லிக்கொடுத்தவர்கள் நிரலாளர்கள். ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் உருவாக்கிய ரியாக்ட் என்ற நிரல் நூலகம் 2013 மே மாதம் பொதுவெளிக்கு வந்தது. அதில் காம்பொனன்ட் என்பது உறைந்த படமல்ல. பெயர், விலை, படம் என்று நாம் கொடுக்கிறவற்றை வாங்கிக்கொண்டு, தனக்குரிய வடிவத்தில் வைத்துத் தருகிற ஒன்று. கொடுப்பவற்றுக்கு 'ப்ராப்ஸ்' என்று பெயர். எது மாறலாம், எது மாறக் கூடாது என்று செய்கிறவர் முன்கூட்டியே முடிவுசெய்து, மாறுவதற்கு மட்டும் கதவு வைக்கிறார். வெப்ஃப்ளோவும் ஓவர்ரைடு என்ற பெயரில் சலுகைகளைக் கொடுக்கத் தொடங்கி, 2022-ல் சிம்பல் என்ற பெயரையே கைவிட்டுக் காம்பொனன்ட் என்றும் ப்ராப்பர்ட்டி என்றும் பேச ஆரம்பித்தது. வேர்ட்பிரஸ் இதே இடத்துக்கு 2024-ல், 6.6 பதிப்பில் வந்து சேர்ந்தது. டிசைனர்கள் புழங்குகிற ஃபிக்மா 2020-ல் வேரியன்ட் கொண்டுவந்தது. பெரிய பட்டன், சிறிய பட்டன், அழுத்த முடியாத பட்டன் எல்லாம் ஒரே கூரையின் கீழ். அதே ஆண்டில் அது 'மாஸ்டர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மெயின்' என்று மாற்றியது. ஆண்டான், அடிமை வாடை அடிக்கிறது என்பதால். 57 ஆண்டு ஆயுள் அந்தச் சொல்லுக்கு.

கடைசியாக வந்த சலுகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்லாட். காம்பொனன்டுக்கு நடுவே வெறும் இடத்தை விட்டுவிடுவது. சட்டமும் ஓரமும் என்னுடையது, நடுவில் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஒரு பக்கத்தில் படம், ஒன்றில் படிவம், ஒன்றில் இன்னொரு காம்பொனன்ட். உலாவிகளுக்கான வெப் காம்பொனன்ட் தரத்திலிருந்தும் நிரலாளர்களின் கருவிகளிலிருந்தும் நழுவி, இழுத்து வைக்கிற கருவிகளுக்கு மிகத் தாமதமாகத்தான் இது வந்தது. நாலு எண்களில் தொடங்கிய அனுமதி, உள்ளே இருப்பது முழுவதும் உன் விருப்பம் என்கிற அளவுக்கு வந்திருக்கிறது. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாவற்றுக்கும் கதவு வைத்த காம்பொனன்டில் சுவரே இருக்காது. இருபது ப்ராப்பர்ட்டி கொண்ட அட்டை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். அதை நிரப்புவதைவிடப் புதிதாக ஓர் அட்டை செய்துவிடலாம்.

எந்தச் சலுகையும் போதாதபோது என்ன செய்வது? அதற்கும் ஸ்கெட்ச்பேடில் ஒரு கட்டளை இருந்தது. ஓர் இன்ஸ்டன்ஸைச் சுட்டி அதைக் கொடுத்தால், இன்ஸ்டன்ஸ் உறுப்பு உறுப்பாகப் பிரிந்து வெறும் கோடுகளாகும். மாஸ்டரோடு இருந்த தொப்புள்கொடி அறுந்துவிடும். இன்று இதை ஃபிக்மாவில் டிடாச் என்கிறார்கள், வெப்ஃப்ளோவில் அன்லிங்க்.

அண்ணாச்சி தென்காசியில் கிளை திறந்தபோது நான் இதைத்தான் செய்தேன். அந்தப் பக்கத்து ஃபூட்டரில் மட்டும் இரண்டாவது முகவரி வர வேண்டும் என்றார். ப்ராப்பர்ட்டி வைக்கப் பொறுமையில்லை, அறுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து நிலையத்தின் போன் எண் மாறியது. மூலத்தில் ஒரே இடத்தில் திருத்தினேன், எல்லாப் பக்கங்களும் நொடியில் திருந்தின, தென்காசியைத் தவிர. பழைய எண் இப்போது சங்கரன்கோவில் பக்கம் ஒரு முட்டைக் கடைக்காரரிடம் இருக்கிறதாம். குரூப் 4 வகுப்பு எப்போது ஆரம்பம் என்று கேட்டு வருகிற அழைப்புகளுக்கு அவர் பொறுமையாக, "திங்கக்கெழம வாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.